சுகம் பெற்ற சாட்சி

"சர்ச்சுல சொன்ன சாட்சி பொய்யா, இங்க சொல்ற சாட்சி பொய்யா?"

கேட்டுவிட்டுக் கம்பெனி வக்கீல், கூண்டில் நின்ற என் வீட்டுக்காரர் லாசரஸைப் பார்த்துச் சிரித்தார்.

இவருடைய வலது கை கூண்டுக் கட்டையின் மேல் கிடந்தது. பல்லாவரத்தில் தோல் பதனிடும் ஷாப்பில் மெஷின் உருளைக்குள் போய் வந்த கை. ஐந்து விரலும் இருக்கின்றன, ஒன்றுகூட மடங்காது. விரல் இருக்கிறதே, பிறகு என்ன ஊனம் என்று கம்பெனி டாக்டர் எழுதிவிட்டார். நஷ்டஈடு கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். அதை எதிர்த்துத்தான் தாம்பரத்தில் ரயிலேறி இந்தக் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தோம்.

போன அறுப்பின் பண்டிகையன்று இவர் சபையில் எழுந்து, கர்த்தர் எனக்குச் சுகம் கொடுத்தார் என்று சாட்சி சொன்னார். அவ்வளவுதான். சாட்சி என்றால் எங்களவர்கள் நீட்டி முழக்குவார்கள். இவருக்கு அதற்கு மேல் வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது.

முன் பெஞ்சிலிருந்து சத்தமாக ஆமென் சொன்னவர் சாலமோன் மேஸ்திரி. மறுநாளே கம்பெனியில் வத்தி வைத்தவரும் அவர்தான்.

மெஷினை நிறுத்தாமலே சிக்கிய தோலை இழு என்று அன்றைக்கு இவரை விரட்டிய அதே மேஸ்திரி. இப்போது வக்கீலுக்குப் பின்னால் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சர்ச்சில் சொன்னதுதான் பொய் என்று சொல்லித் தொலையேன் மனுஷா, என்று உள்ளுக்குள் கத்தினேன். கர்த்தர் மன்னித்துவிடுவார். இந்த வக்கீல் மன்னிக்க மாட்டார்.

இவரோ நீதிபதியைப் பார்த்து நிமிர்ந்தார்.

"ரெண்டும் நெசந்தான் சார். சொகம் கெடச்சது கைக்கு இல்ல, மனசுக்கு. அதோ குந்திகினு கீறாரே மேஸ்திரி, அவரைக் குத்தணும்னு கத்தி வாங்கி வெச்சிருந்தேன். கர்த்தர் அந்த வெறிய எடுத்துட்டாரு. ஆனா அதுக்கு முன்னாடி எத்தினி வாட்டி எடுத்துப் பார்த்தேன் தெரியுமா? இந்தக் கையில கத்தி நிக்கவே இல்ல. நின்னிருந்தா இந்தக் கேசு வேற கோர்ட்ல நடந்திருக்கும் சார்."

வக்கீலின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

நீதிபதி இவருடைய கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, வெளி டாக்டர்களிடம் மறுபடி காட்டும்படி உத்தரவு எழுதினார்.

வராந்தாவில் மேஸ்திரி என்னிடம் வந்தார். எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே தங்கச்சி என்று கும்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

இவர் தூக்கிப் போடச் சொன்ன கத்தியை நான் இன்னும் போடவில்லை. சுகம் கிடைத்ததாக நான் எந்தச் சபையிலும் சாட்சி சொன்னதும் இல்லை.

என் கைகள் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன.