பத்தாயிரம் ஹைடு

“பத்தாயிரம் ஹைடு, சார். எல்லாம் இந்த மலைக்குள்ளே.”

இதை ஏழாவது தடவையாகச் சொல்லிவிட்டு லின் அம்மாள் அடுத்த படியில் கால் வைத்தார். ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த அந்தச் சீனத்து வழிகாட்டிக்கு மூச்சே வாங்கவில்லை. பின்னால் வந்த கிருபானந்தத்துக்கு வாங்கியது.

“சோளிங்கர் மலையையே கீழ நின்னு பாத்துட்டு பஸ் ஏறுறவன் நான். என்னப் போயி சீனாக்காரன் மலையில ஏத்திட்டீங்களே பாய்!”

“பேஜார் பண்ணாத கிருபா. பத்தாயிரம் ஹைடுன்னா சும்மாவா? ஏறு,” என்றார் வாஹித் பாஷா.

ஆம்பூரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், ஹைடு என்றால் மாட்டுத் தோல். பாஷா அங்கே ஒரு தோல் ஃபாக்டரியில் பர்ச்சேஸ் மேனேஜர். கிருபானந்தம் தோலைத் தடவிப் பார்த்தே தரம் பிரிக்கிறவர்.

அந்த எண்பத்து நாலாம் வருஷம் பச்சைத் தோலுக்கு அப்படி ஒரு தட்டுப்பாடு. தோல் பதனிடும் டிரம்மெல்லாம் சுற்றாமல் கிடந்தன. காண்டன் பொருட்காட்சிக்கு இருவரையும் அனுப்பும்போது முதலாளி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “வெறுங்கையோட வந்தீங்கன்னா ஃபாக்டரி பக்கம் வராதீங்க. நேரா வூட்டுக்குப் போய்டுங்க.”

பொருட்காட்சியில் பட்டு இருந்தது, பீங்கான் இருந்தது, தெர்மாஸ் பிளாஸ்க் மலை மலையாக இருந்தது. தோல் மட்டும் இல்லை. நாலு நாள் அலைந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

நேற்று சாயங்காலம் ஓட்டலில் இருவரும் “ஹைடு, ஹைடு” என்று புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் லின் அம்மாள் காதில் விழுந்தது. தெரிந்த நாலு வார்த்தை இங்கிலீஷில், தன் ஊர் மலையைப் பற்றிச் சொன்னார். யுத்த காலத்துக் குகையாம். பத்தாயிரம் ஹைடாம்.

“மிலிட்டரி குடோனா இருந்திருக்கும். இப்ப தோல் ஸ்டாக் வச்சிருக்கானுங்க,” என்று பாஷா அந்த நிமிஷமே முடிவு கட்டினார். பொருட்காட்சியின் கடைசி நாளை விட்டுவிட்டு, விடிந்ததும் பஸ் ஏறியாகிவிட்டது. நாளைக்கு விமானம். இது போனால் வேலை போச்சு.

மலை என்னவோ அழகுதான். பனி மூட்டம், பைன் மரம், கீழே ஓர் ஆறு. நம் பாலாறு மாதிரி இல்லாமல் அதில் தண்ணீர் வேறு ஓடியது. இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“சைஸ் எப்படிம்மா?” பாஷா தன் ஃபாக்டரி இங்கிலீஷில் கேட்டார்.

“எல்லா சைஸும், சார். பெரிசு, சின்னது. ரொம்ப ரொம்பச் சின்னதும் நிறைய.”

“கன்னுக்குட்டித் தோலுடா கிருபா! ஜப்பான்காரன் அடிச்சிக்குவான்!” பாஷா முகம் மலர்ந்தது. “டேமேஜ் உண்டா?”

லின் அம்மாள் நின்றார்.

“கொஞ்சம் டேமேஜ், சார். ஒரு பக்கம் குகை விழுந்தது.”

“எத்தினி பர்சன்ட்?”

லின் அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று மேலே ஏறிப் போனார்.

“பாத்தீங்களா பாய், மறைக்கிறாங்க. டேமேஜ் ஜாஸ்தியா இருக்கும்.” கிருபானந்தம் மூக்கை உறிஞ்சினார். அவருக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம். “இன்னொண்ணு. பத்தாயிரம் தோல் இருந்தா ஒரு மைலுக்கு முன்னாலயே நாத்தம் அடிக்கணுமே. இங்க ஒண்ணையும் காணோமே!”

“உப்பு நல்லா போட்டிருப்பான். வா, வா.”

எண்ணூற்றுச் சொச்சம் படி ஏறி முடித்தபோது குகை வாய் தெரிந்தது. கிருபானந்தம் கால் வலியை மறந்து உள்ளே ஓடினார்.

உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு தோல் இல்லை, ஒரு பிடி உப்பு இல்லை. கூரை மட்டும் பழைய புகை பிடித்துக் கறுத்திருந்தது. சுவர் முழுக்க வரிசை வரிசையாகச் சீன எழுத்து வெட்டியிருந்தார்கள்.

“லாட் நம்பர் மட்டும் எழுதி வச்சிருக்கான். சரக்கு எங்கடா?” என்றார் பாஷா. அப்படியே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

கிருபானந்தத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு நாள் ஏமாற்றமும், எண்ணூறு படியும், முதலாளி முகமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

“இன்னா மேடம், வெளையாடுறீங்களா? எங்க ஹைடு?” என்று தமிழிலேயே கத்தினார். பிறகு இங்கிலீஷுக்குத் தாவினார். “சாம்பிள்! ஒரே ஒரு சாம்பிள் காட்டுங்க!”

குகை அதைத் திருப்பிச் சொன்னது.

“சாம்பிள்?” என்று கேட்டார் லின் அம்மாள். புரிந்துவிட்டது போலிருந்தது. கைப்பையைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்தார்.

கூரை தாழ்ந்திருந்த ஒரு மூலைக்குப் போனார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முழங்காலுக்கு நடுவில் தலையைப் புதைத்து, இரண்டு காதையும் கைகளால் பொத்திக்கொண்டார். ஒரு கூடை வைக்கிற இடத்துக்குள் அந்த அம்மாள் முழுசாக அடங்கிப் போனார்.

“மேலே பிளேன். பாம் விழும்,” என்றது மூலையிலிருந்து குரல். “இப்படித்தான் ஹைடு, சார். அப்ப எனக்கு மூணு வயசு.”