சாம்பல் நிறச் சீட்டு

"அத்தான், அந்த நர்ஸ் மறுபடியும் எழுதியிருக்காங்க."

"எத்தனையாவது தடவை?"

"ஏழு."

தலைவர் டீயை ஓரமாக வைத்தார். தலைவர் என்பது யாரும் ஓட்டுப் போட்டுக் கொடுத்த பட்டமல்ல. மருத்துவமனைகளுக்கான அந்த இலவச மென்பொருளை முதன்முதலில் எழுதியவர் என்பதால், கூட உழைக்கும் தன்னார்வலர்கள் அப்படிக் கூப்பிட்டார்கள். அவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். கோளாறு கண்டால் இணையத்தில் இருக்கும் புகார்ப் பட்டியலில் எழுதலாம். சனிக்கிழமை காலைகளில் தலைவரும் அவருடைய மச்சினனும் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து, ஒவ்வொரு புகாருக்கும் ஒரு நிறச் சீட்டு ஒட்டுவார்கள். சிவப்பு என்றால் உடனே. மஞ்சள் என்றால் அடுத்த பதிப்பில். சாம்பல் என்றால், யாருக்காவது பொழுது போகாதபோது.

நர்ஸின் புகாருக்குச் சாம்பல்.

"என்னதான் வேணுமாம் அந்தம்மாவுக்கு?"

"அதேதான். நோயாளியோட மருந்துத் தாளை அரைத்தாள்ல அச்சடிச்சா, அடிப்பக்கம் விழ மாட்டேங்குதாம். எந்த மருந்து ஒத்துக்காதுன்னு சொல்ற வரி அங்கதான் இருக்கு."

"முழுத்தாள்ல விழுதா?"

"விழுது."

"அப்ப முழுத்தாள் வாங்கட்டும். தாள் சின்னதா இருக்கறது நம்ம குத்தமா?"

"அவங்க ஆஸ்பத்திரியில அரைத்தாள்தான் தர்றாங்களாம், அத்தான். தினமும் காலையில நாற்பது தாள்லயும் அந்த வரியைக் கையாலயே எழுதறாங்களாம்."

"பாத்தியா! அப்ப மாற்று வழி இருக்கு. மாற்று வழி இருந்தா சிவப்பு கிடையாது. விதி அதுதானே?"

விதியை எழுதியவரும் தலைவர்தான்.

"முந்தாநாள் ஒரு தாள்ல எழுத விட்டுப்போச்சாம். ஒரு குழந்தைக்கு ஒத்துக்காத ஊசியையே போடப் போயிட்டாங்களாம். அம்மாக்காரி பார்த்துக் கத்தினதால பிழைச்சுதாம்."

தலைவர் டீயை மறுபடி எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"கத்தினாங்க இல்ல? அதுவும் ஒரு மாற்று வழிதான்."

மச்சினன் சுட்டியை மஞ்சள் சீட்டின் பக்கம் நகர்த்தினான்.

"மஞ்சளாவது கொடுக்கலாமே, அத்தான்."

"ஒருத்தருக்கு இரக்கப்பட்டு நிறத்தை மாத்தினா, நாளைக்கு ஆளுக்கொரு குழந்தையைத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க. கண்ணீரை வச்சா தீவிரத்தை அளக்கறது? அதுவும் எழுத்தைப் பாரு. எத்தனை ஆச்சரியக்குறி! படிவத்துல பாதிக் கட்டம் காலி. எந்தப் பதிப்புன்னு கேட்டிருக்கு, 'வார்டில் இருப்பது'ன்னு போட்டிருக்காங்க."

தலைவரே பதிலைத் தட்டினார். 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இனி நிதானமான மொழியில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

சாம்பல், சாம்பலாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை இன்னொரு புகார் வந்தது. எழுதியவர் பெயர் 'நன்றியுள்ளவள்'. படிவத்தில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. ஆச்சரியக்குறி மருந்துக்கும் இல்லை.

'பெருமதிப்பிற்குரிய ஐயா, மருந்துத் தாளின் கடைசி வரியாக, இதை உருவாக்கிய தங்கள் பெயர் வர வேண்டும் என்று அறிகிறேன். எங்கள் மருத்துவமனையில் அரைத்தாளில் அச்சடிப்பதால் அது விழுவதில்லை. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமலே நோயாளிகள் வீடு திரும்புகிறார்கள்.'

தலைவர் இரண்டு தடவை படித்தார். மூன்றாம் தடவை மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் படித்துக் காட்டினார். பிறகு மச்சினனுக்குப் போன் போட்டார்.

"டேய், ஆபீஸ்ல இருக்கியா? லீவு சொல்லிட்டு வா."

"ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?"

"சிவப்பு!"

மச்சினன் பதறியடித்து வந்து சேர்ந்தான். புகாரைப் படித்தான். தலைவரைப் பார்த்தான்.

"முழுத்தாள் வாங்கச் சொல்லலாமே, அத்தான்?"

"விளையாடறியா? பாவம், வசதியில்லாத ஆஸ்பத்திரி. அரைத்தாளுக்கு மேல எங்க போவாங்க? நாமெல்லாம் எதுக்குத்தான் இருக்கோம்?"

"இல்ல, மாற்று வழி ஏதாவது..."

"என்ன மாற்று வழி? அத்தனை தாள்லயும் என் பேரைக் கையாலயா எழுதுவாங்க? உக்காரு, உக்காரு."

நாலு மாதமாக யாரும் தொடாத அந்தப் பகுதியைத் திறந்தார்கள். திருத்த வேண்டியிருந்தது மொத்தம் மூன்றே இடம். சாயங்காலம் புதிய பதிப்பு வெளியானது. அறிவிப்பில் தலைவர் தம் கையாலேயே எழுதினார்: 'உயிர்நாடியான கோளாறு ஒன்று போர்க்கால வேகத்தில் நீக்கப்பட்டது.'

மறுநாள் காலை, வார்டில் புதிய பதிப்பைப் போட்டு முதல் தாளை அச்சடித்ததும் இளைய நர்ஸ் கூவினாள்.

"அக்கா, இங்க பாருங்க! ஒத்துக்காத மருந்து வரி விழுந்திருக்கு! அதுக்குக் கீழ யாரோ ஒருத்தர் பேரும் இருக்கு."

"இருக்கும், இருக்கும்."

"நாலு மாசமா கெஞ்சினீங்க, அசையவே இல்லையே. நேத்து காலையில எழுதினீங்க, ராத்திரிக்குள்ள சரி பண்ணிட்டாங்க. அப்படி என்னக்கா எழுதினீங்க?"

மூத்த நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்து, அந்தப் பேரை மட்டும் நறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். தாளைக் குழந்தையின் கட்டிலில் மாட்டினாள்.

"ரெண்டு வரியும் சேர்ந்துதான் காணாமப்போச்சு, தங்கச்சி. இத்தனை நாளும் குழந்தையோட வரியைக் காணோம்னு எழுதினேன். நேத்து அவரோட வரியைக் காணோம்னு எழுதினேன்."