வால்வுக்கு ஒரு கையெழுத்து

அணுமின் பாதுகாப்பு அதிகாரி மரிய அருள் விடுமுறைக்குக் கடலூர் வந்திருந்தார். மனைவி ரீட்டாவின் தம்பி சவரிராயன் ஒரு வால்வை மேஜைமேல் வைத்தான்.

“மாமா, அணு உலைக்கு எங்க கம்பெனி வால்வு. நீங்க கையெழுத்து போட்டா போதும்.”

மரிய அருள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “முடியாது.”

“சோதிச்சுக்கூடப் பாக்கலியே!”

“தேவையில்ல.”

ரீட்டா முறைத்தாள். “பதவி வந்ததும் சொந்தக்காரங்க மேலயே சந்தேகமா?”

“அவன் நல்ல பையன்தான். வால்வுதான் ஆகாது.”

சவரிராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. “மாமா, நீங்க கவர்மென்ட் வேலைக்குப் போறப்ப இந்த கம்பெனிய எங்கிட்ட குடுத்துட்டுப் போனீங்க. பத்து வருஷமா நீங்க எப்படி செஞ்சீங்களோ, அதே மாதிரிதான் நானும் செய்றேன்!”

“அதனாலதான்டா பயமா இருக்குது!” என்றார் மரிய அருள்.