நட்ட நடுவில் ஒரு சிவப்பு

"சார், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்தச் சிவப்புப் புள்ளியைப் பத்தி ஒரு விஷயம்..."

"புள்ளியா அது? என் முப்பது வருஷ உழைப்புக்கு நெத்தியில வெச்ச பொட்டுய்யா!"

பேராசிரியர் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தை ஆசையாகத் தடவினார். நகரம் முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்கள். சம்பளத்தில் பாதியை வாடகைக்கே கொடுத்துவிட்டு முழிக்கும் குடும்பங்கள் அதிகம் என்றால் சிவப்பு. சௌகரியமாக இருப்பவர்கள் என்றால் பச்சை. நகரத்தின் நடுவே, பெரிய மனிதர்கள் வசிக்கும் பகுதி, தண்ணீர் பாய்ச்சிய புல்தரை மாதிரிப் பச்சையாக இருந்தது. அதற்குள், கொசு கடித்துத் தடித்தது போல ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.

ஆறு வருடம் தெருத் தெருவாக அலைந்து அந்த வரைபடத்தைச் செய்தவன் எதிரே நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொல்ல பேராசிரியருக்குத் தோன்றவில்லை. இன்று ஐந்து மணிக்குள் அவர் கையெழுத்தோடு ஆய்வேட்டை அலுவலகத்தில் கொடுக்காவிட்டால் அவன் பதிவு ரத்து. ஆறு வருடமும் போச்சு. மணி நாலு பத்து.

வரைபடம் செய்வது மாணவர் வேலை, அதைக் காட்டிப் பேசுவது தன் வேலை என்பது பேராசிரியரின் கொள்கை. மாணவர்கள் அவருக்கு 'மைக்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"எத்தனை குடும்பம் அங்க?"

"மூவாயிரத்து எண்ணூத்திப் பன்னண்டு. ஆனா சார், அது எப்படின்னா..."

"ஒரே மனையில! எவனோ ஒருத்தன் கோழிக்கூண்டு மாதிரி அடைச்சு வெச்சு ரத்தத்தை உறிஞ்சறான். நானும் அந்தப் பகுதிதான். தினமும் காலையில நடக்கறேன். என் கண்ணுலயே படாம ஒளிச்சு வெச்சிருக்கான்னா எப்பேர்ப்பட்ட எமகாதகனா இருப்பான்!"

"இல்ல சார், நாம கணக்கெடுத்ததுல நிறைய குடும்பத்துக்குக் கதவு எண்ணே கிடையாது. தெருவுக்கும் பேர் கிடையாது. ரெண்டு மாசம் குடுங்க, நேர்ல போய் ஒவ்வொரு வீடும் எங்க இருக்குன்னு குறிச்சுட்டு வர்றேன்னு நான் அப்பவே..."

"மாநாடு அடுத்த வாரம். உனக்கு ரெண்டு மாசமா?"

"அப்படிக் குறிக்கலைன்னா, முகவரி இல்லாதவங்களை கம்ப்யூட்டர் என்ன பண்ணும்னா..."

"கம்ப்யூட்டர் பண்றதைக் கம்ப்யூட்டர் பண்ணட்டும். நீ கொஞ்சம் வாயை மூடு."

மூடினான். பேராசிரியர் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். வீட்டு வசதித் துறை அதிகாரி அவருடைய பழைய மாணவர். மூவாயிரத்து எண்ணூறு குடும்பத்தை எவனோ ஒரே மனையில் அடைத்திருக்கும் கதையை அவரிடம் கொட்டினார்.

"யார் வீடு சார் அது?" என்றது போன்.

"யார் வீடா இருந்தா உனக்கென்ன? உடனே போய்ப் பூட்டி சீல் வை. உள்ள இருந்து யாராவது வந்து 'நாங்க யார் தெரியுமா'ன்னு கேப்பாங்க. மசியாதே. மசிஞ்சா மாநாட்டுல உன் பேரையும் சேர்த்துச் சொல்லுவேன். இடத்தை எழுதிக்கோ."

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். வரைபடத்தின் அடியில் அந்தப் புள்ளியின் இருப்பிடத்தைச் சொல்லும் இரண்டு நீள எண்கள் இருந்தன. தசமத்துக்குப் பிறகு ஆறு இலக்கம்வரை, ஒன்றுகூட விடாமல், கல்யாணப் பத்திரிகை வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

மாணவன் மறுபடி வாயைத் திறந்தான். பேராசிரியர் கையை உயர்த்தினார்.

"கிளம்பிட்டோம் சார். பத்து நிமிஷம்" என்றது போன்.

"பாத்தியா? பத்தே நிமிஷம்! இதுக்குப் பேர்தான் நிர்வாகம்."

"ஊர் ஓரத்துல இருந்து புகார் குடுத்தா சராசரியா பதினாலு மாசம் ஆகுது சார். நாலாவது அத்தியாயத்துல போட்டிருக்கேன்."

"நாலாவது அத்தியாயமா? மொத்தம் எத்தனை இருக்கு?"

"ஏழு சார்."

"பரவால்லையே!"

மாநாட்டில் பேசப்போவதை அரை மணி நேரம் அவனுக்குப் பேசிக் காட்டிவிட்டு, ஆய்வேட்டைப் புரட்டி இடையில் எங்கும் நிற்காமல் நேராகக் கையெழுத்துப் பக்கத்துக்குப் போனார். முதலில் பேனா எழுதவில்லை. உதறினார். பிறகு எழுதியது. அவன் ஆய்வேட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான்.

"இப்பச் சொல்லு. வந்ததுல இருந்து என்னத்தையோ மென்னு முழுங்கிக்கிட்டே இருந்தியே?"

அவன் சொல்வதற்குள் போன் அடித்தது. பழக்க தோஷத்தில் ஸ்பீக்கரிலேயே எடுத்தார். பேராசிரியரின் மனைவி.

"என்னங்க! எட்டுப் பேர் வந்து வீட்டைத் தலைகீழாப் புரட்டறாங்க. மூவாயிரத்து எண்ணூறு குடும்பம் எங்கன்னு கட்டிலுக்கு அடியிலகூடக் குனிஞ்சு பாத்தாங்க. யாரும் இல்லேன்னா, 'எங்க ஒளிச்சு வெச்சே'ன்னு என்னையே மிரட்டறாங்க. என் புருஷன் யார் தெரியுமான்னு கேட்டேன். இப்படித்தான் கேப்பீங்கன்னு சொல்லி அனுப்பிச்சாங்கன்னு சிரிக்கறாங்க. பூட்டி சீல் வெச்சாச்சு, நான் செருப்புகூட இல்லாம தெருவுல நிக்கறேன். எந்தக் கூறுகெட்டவன் இந்த வீட்டைக் காட்டிக்குடுத்தான்னு விசாரிச்சு சொல்லுங்க!"

பேராசிரியர் வரைபடத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக உற்றுப் பார்த்தார்.

"இதைத்தான் சார் சொல்ல வந்தேன். இருக்கற இடம் தெரியாதவங்களை எல்லாம் கம்ப்யூட்டர் ஊரோட நட்ட நடுவுல கொண்டுபோய்ப் போட்டுடும். நம்ம ஊருக்கு நட்ட நடு உங்க வீட்டு ஹால்."

"அடப்பாவி! அப்ப அந்தக் குடும்பங்க எல்லாம்..."

"ஊர் ஓரத்துல, ரயில் தண்டவாளத்துக்கு அந்தாண்ட. எங்க தெருவுக்கும் பேர் கிடையாது சார்" என்றான் அவன், கதவைத் திறந்தபடி. "வரைபடத்துப்படி நாங்களும் உங்க வீட்டுலதான் இருக்கோம், சீலைப் பிரிச்சதும் ஒரு போன் போடுங்க, அம்மாவைக் கூட்டிட்டு வந்துடறேன்."