வெட்டவா, விடவா

உறைபனியில் கருகாத, மழைக்கு முன்பே பழுக்கிற ஆப்ரிகாட் வேண்டுமென்று ஒரு மரத்துப் பூவின் மகரந்தத்தை இன்னொரு மரத்துப் பூவில் சேர்த்து, அதில் வந்த விதையிலிருந்து சற்குணம் உண்டாக்கிய மரம், இந்த வருடம்தான் முதன்முதலாகக் காய்த்தது. பூ விடும் முன்பே அவர் இறந்துவிட்டார். மரம் பனியைத் தாங்கிவிட்டது, சீக்கிரமே பழுத்தும்விட்டது. இனி ருசி மட்டும்தான். பண்ணையில் முதல் பழத்தைக் கடித்து, மென்று, துப்பிவிட்டு முடிவு சொல்வார்கள். புளித்தால் அன்றைக்கே வெட்டிவிடுவார்கள். அவருக்குப் பிறகு அந்த வேலை அவர் மனைவி வனஜாவுடையது. அவள் கடித்து மென்றாள். அவர் போனதிலிருந்து சோறும் காபியும் எப்படியோ, இதுவும் அப்படித்தான். ருசியே தெரியாமல் ஈரப் பஞ்சை மெல்வதுபோல இருந்தது.

"என்னம்மா, வெட்டவா, விடவா?" என்றார் மரம் அறுக்கும் வாளோடு நின்ற தோட்டக்காரர் மாசிலாமணி.

"எனக்குத் தெரியல. நீங்க தின்னு சொல்லுங்க."

"நானா? ஐயா இருந்தா கீழ விழுந்ததைக்கூடத் தொட விடமாட்டாரு."

ஒன்றைப் பறித்துச் சட்டையில் துடைத்துத் தின்றார். துப்பவில்லை, விழுங்கினார். "இனிப்பும்மா," என்றார். சொல்லும்போதே ஒரு கண் தானாக இறுக மூடிக்கொண்டது. தாடை கூசி ஒரு பக்கம் இழுத்தது.

வனஜா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நாக்கின் அடியில் எச்சில் ஊறியது.

"எனக்கு இன்னொன்னு பறிங்க," என்றாள்.