ரேங்க்குக்கு மேலே என்ன இருக்கு?

டை கட்டியவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு சீட்டின் கதி எதிரே இருந்த மூவர் கையில். வெறுங்கையோடு திரும்பினால் யார் முகத்திலும் விழிக்க முடியாது.

“ரேங்க் பிரமாதம்தான்,” என்றார் நடுவில் இருந்தவர். “அதைத்தான் எல்லாரும் தூக்கிட்டு வர்றாங்களே! அதுக்கு மேல என்ன இருக்கு?”

“விளையாட்டு, நாடகம், சமூக சேவை, எல்லாம் உண்டுங்க.”

“நாலு பேரோட ஒத்துப்போற குணம்?” என்று கேட்டார் பக்கத்திலிருந்த அம்மாள்.

“அதுல குறையே சொல்ல முடியாதும்மா.”

“தோத்ததே இல்லையா?” என்றாள் இளையவள்.

அவர் டையைச் சரிசெய்துகொண்டார். “போன வருஷம் செஞ்ச ரோபோ மேடையிலேயே படுத்துடுச்சு. மறைக்காம ஒத்துக்கிட்டோம்.”

“பரவாயில்லையே, நேர்மை இருக்கு!”

மூவரும் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுத்தார்கள். நடுவில் இருந்தவர் நிமிர்ந்தார்.

“சரிங்க. உங்களை மாதிரியே இன்னும் ரெண்டு பெரிய யூனிவர்சிட்டிக்காரங்க, எங்க பொண்ணுக்கு இடம் தர்றோம்னு வெளியே சோபாவுல காத்திருக்காங்க. அவங்களையும் பார்த்துட்டுச் சொல்லி அனுப்புறோம்.”

டை கட்டியவர் கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

“அட்மிஷன் ஆபீசர் சார்,” என்று கூப்பிட்டாள் இளையவள். “போறப்போ அடுத்தவரை உள்ளே வரச் சொல்லிடுங்க!”