ஓசூருக்கு ஒரு பெட்டி

அவர் பெட்டியின் மூடியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

கெட்டியாகத்தான் இருந்தது. மனம் ஒப்பவில்லை. இதைவிட உறுதியாக வேறு இருக்கிறதா என்று கேட்டார்.

கடைக்காரர் மேல்தட்டிலிருந்து இன்னொன்றை இறக்கினார். கறுப்புப் பெட்டி. ஓரமெல்லாம் ரப்பர். உள்ளே மெத்தை வைத்திருந்தது. லேப்டாப்பின் அளவுக்கு அதை வெட்டிக்கொள்ளலாமாம். காட்டுக்குள் கேமரா தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார்.

இந்த லேப்டாப் காட்டுக்குப் போகவில்லை. ஓசூருக்குப் போகிறது.

காலையில் பஸ்.

ஆவணி பிறந்துவிட்டது. தலை ஆடிக்கு அழைத்து வந்த மகளைச் சீரோடு கொண்டுபோய் விட வேண்டும். மனைவி வீட்டில் சம்பந்திக்கென்று முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி எடுத்தாயிற்று. எவர்சில்வர் தூக்கு எடுத்தாயிற்று. இந்தப் பெட்டி மட்டும் அவராகச் சேர்த்தது. எந்த ஊர்ச் சீரிலும் இப்படியொரு சாமான் கிடையாது.

மகள் சாருமதி லேப்டாப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. ஓசூர் வீட்டில் அவளுடையது என்று சொல்ல அது ஒன்றுதான்.

ஆடி பிறந்து அவள் வந்து இறங்கியபோது லேப்டாப்பின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. திரை விரிசல் விட்டிருந்தது. மேசையிலிருந்து விழுந்துவிட்டது என்றாள்.

அவர் நம்பினார். நம்புவது வசதியாக இருந்தது.

திரையை மாற்றிக் கொடுத்தார்.

விசாரிக்காமல் எதையும் வாங்குகிற ஆள் இல்லை அவர். மிக்ஸி வாங்கப் போனால் கடைக்காரன் அழாத குறைதான். மாப்பிள்ளை பார்த்தபோதும் அப்படித்தான் துருவினார். ஜாதகம், வேலை, குடிப்பழக்கம், முன்பு குடியிருந்த வீட்டுக்காரர் வரைக்கும் போய் வந்தார். கோபம் வந்தால் பையன் என்ன செய்வான் என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை.

வைகாசியில் ஒரு மத்தியானம் அவள் போன் செய்தாள். அங்கே வந்துவிடட்டுமா என்று கேட்டாள்.

ஆடி வரட்டும், முறைப்படி வந்து அழைத்துக்கொள்கிறோம் என்றார். நடுவில் தனியாக வந்து நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றும் சொன்னார்.

சரிப்பா என்று வைத்துவிட்டாள்.

ஏன் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளும் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடைக்காரர் கறுப்புப் பெட்டியைப் பூட்டினார். வேடிக்கை பாருங்கள் என்பதுபோல ஸ்டூலின் மேல் ஏறி நின்று கீழே போட்டார்.

கடையிலிருந்த அத்தனை பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

சாருமதி அசையவில்லை.

அவர் அவளைப் பார்த்தார். தீபாவளி வந்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிற பெண். ஊசிவெடிக்கே அழுதவள். இப்போது கண்கூட இமைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

கடைக்காரர் பெட்டியை எடுத்துத் துடைத்து, ஒரு கீறல்கூட இல்லை பாருங்கள் என்று காட்டினார். பிறகு பொறுப்பாக விசாரித்தார். லேப்டாப் வழக்கமாக எங்கிருந்து விழும்? மேசையிலிருந்தா, கட்டிலிலிருந்தா? உயரத்தைச் சொன்னால் அதற்குத் தோதாகக் கொடுப்பாராம்.

"விழாதுண்ணே," என்றாள் சாருமதி. "செவுத்துலதான் வந்து அடிக்கும்."

காய்கறிக்காரரிடம் காய் சொல்கிற மாதிரி சொன்னாள்.

சொன்ன பிறகுதான் அப்பா பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நசுங்கிய மூலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

கடைக்காரர் தலையாட்டினார். சுவரில் அடித்தாலும் இதற்கு ஒன்றும் ஆகாது, தைரியமாக எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகாது.

அவருக்கு மருமகன் மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன்மேல் வந்த வெறுப்பு பெரிதாக இருந்தது. இருப்பதிலேயே நல்ல பெட்டியாகப் பொறுக்கி எடுத்து, அதை மகள் கையில் கொடுத்து, அதே வாசலில் இறக்கிவிட்டு, முறுக்கும் பட்டு வேட்டியும் வைத்துக் கும்பிட்டுவிட்டு வர இருந்திருக்கிறார்.

பில் போடலாமா என்று கடைக்காரர் கேட்டார்.

அவர் பெட்டியைத் திறந்து மறுபடி மூடினார். கொக்கிகள் சரியாகத்தான் விழுந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு கையாலும் அதைக் கடைக்காரர் பக்கம் தள்ளி வைத்தார்.

"துணி உறை இருந்தா ஒண்ணு குடுங்க," என்றார். "தூசி படாம இருந்தாப் போதும்."

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு நேரம் தட்டித் தட்டிப் பார்த்த மனிதர். துணி உறை எந்த அடியையும் தாங்காது என்று எச்சரித்தார். பிறகு வந்து குறை சொல்லக் கூடாது என்றார்.

தாங்க வேண்டியதில்லை என்றார் அவர்.

"அப்பா, காலைல பஸ்ஸு," என்றாள் சாருமதி. குரல் மிகவும் மெதுவாக வந்தது.

பஸ் போனால் போகட்டும் என்றார் அவர். கடைக்காரர் உறைகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். நீலம், பச்சை, பூப்போட்டது ஒன்று.

"உனக்குப் பிடிச்சதா எடு," என்றார்.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் லேப்டாப்பை நெஞ்சிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, நிறம் பார்க்கக் குனிந்தாள்.